இசையிதழின் ‘ஆடியன்ஸ்’: கேட்போரா, வாசகரா, அவையா?

மஞ்சக்குப்பத்திலிருந்து, திங்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர்கள் பதினாறு பக்கத்தில் ஓர் இசையிதழ் தயாரிக்கிறார்கள். இங்கிலாந்தில் ஊடகவியல் படிக்கும் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிதான் முன்மாதிரி: ஓர் அட்டை, ஒரு பொருளடக்கம், ஓர் இரட்டைப் பக்கக் கட்டுரை. பயிற்சித்தாளைத் தமிழாக்கியது நான். இதழ் யாருக்காக என்பதைக் குறிக்கும் ‘டார்கெட் ஆடியன்ஸ்’ வந்த இடத்தில் ‘பார்வையாளர்கள்’ என்று போட்டுவிட்டேன். ‘உங்கள் பார்வையாளர்கள் யார்?’ என்ற கட்டத்தில் ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்: ‘கலையரங்கில் முந்நூறு பேர் உட்காரலாம். பின்வரிசையில் மின்விசிறி ஓடவில்லை.’ சொல் கச்சேரியைக் காட்டியது, அவள் நாற்காலியை எண்ணினாள். அவள்மேல் பிழையில்லை. இன்னொருவன் ‘எல்லோரும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். வெள்ளி காலை தாள் அச்சகம் போகிறது. ஒரு சொல் கொடுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து, திங்கள்

அம்மா, வீட்டில் விளக்கை வைத்துக்கொண்டு ஊரில் நெருப்புக்கு அலைகிறீர்கள். நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, எட்டுச் செய்தி சொல்கிறது: ஆக்கியோன், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஏழாவதைப் பாருங்கள். இன்ன நூல் இன்னாருக்கு என்று முகப்பிலேயே சொல்லவேண்டும் என்பது பவணந்தியார் விதி. தொல்காப்பியச் செய்யுளியலும் ‘கேட்போர் களனே’ என்று உறுப்புகளுக்குள் எண்ணுகிறது. ஆடியன்ஸ் என்பதன் இலத்தீன் வேரும் கேட்டல்தான். ஆகவே, கேட்போர். இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?

நெல்லிக்குப்பத்திலிருந்து, திங்கள் இரவு

இருக்கிறது ஐயா. நான் இருபது ஆண்டாகப் பக்க வடிவமைப்புச் செய்கிறவன். வேறு எந்த இதழுக்கும் ‘கேட்போர்’ பொருந்தலாம், இசையிதழுக்கு மட்டும் பொருந்தாது. பாட்டைக் கேட்பவன் ஒருவன், பாட்டைப் பற்றிக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் இன்னொருவன். கானாவைக் கேட்கிற ஆயிரம் பேரில் கானாவைப் பற்றிப் படிப்பவர் எத்தனை பேர்? அந்த வேறுபாட்டைக் கற்பிக்கத்தானே இந்தப் பயிற்சி? இங்கிலாந்தையே பாருங்கள். 1981இல் வந்த கெர்ராங் இதழ், கன ராக் பிரியர்களுக்கு. 1986இல் வந்த க்யூ, வயது சற்றே கூடிய, குறுந்தகடு வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு. ஒரே கடையில் தொங்கினாலும் எடுத்த கை வேறு. நம் சென்னையில் 1983இலிருந்து வரும் ஸ்ருதி கர்நாடக இசைக்கும் நடனத்துக்கும் உரியது, அதன் அட்டையைப் பார்த்தாலே தெரியும். ‘இலக்கு வாசகர்’ என்று போடுங்கள். அகராதி பார்க்காமல் புரியும்.

முத்தியால்பேட்டையிலிருந்து, செவ்வாய்

இலக்கு! லட்சியத்தைத் தமிழ் உடுத்தி அனுப்பினால் இலக்கு. ‘இலங்கு’ என்பதிலிருந்து வந்தது என்று வாதாடுவோர் உண்டு, நான் ஏற்பதில்லை. வாசகரோ அதைவிட வேடிக்கை. மாணிக்கவாசகர் எதையும் வாங்கிப் படித்தவரா? மணியான வாசகத்தைச் சொன்னவர். சொன்னவனைக் குறித்த சொல் படிக்கிறவனுக்கு எப்படி வந்தது என்று ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதியும் வைத்திருக்கிறேன். கேட்போர் வேண்டாம் என்றால் ‘படிப்போர்’ என்றாவது வையுங்கள்.

உப்பளத்திலிருந்து, செவ்வாய்

பிரெஞ்சில் ‘பூப்ளிக் சிப்ள்’ என்பார்கள், குறிவைக்கப்பட்ட மக்கள். எனவே ‘குறிவாசகர்’ எப்படி? இடையில் ஒன்று. மேகசின் என்ற சொல் அரபியில் கிடங்கைக் குறித்தது. புதுவையில் பிரெஞ்சு படித்த எங்களுக்கு ‘மகசேன்’ என்றால் இன்றும் கடைதான். நம் ‘பத்திரிகை’யில் இருப்பது இலை, ‘இதழ்’ பூவினுடையது. அவர்கள் சரக்கை அடுக்கினார்கள், நாம் தோட்டம் போட்டோம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து, செவ்வாய்

தோட்டம் இருக்கட்டும் ஐயா, வெள்ளிக்கிழமை வருகிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து, புதன்

வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். ‘குறிவாசகர்’ எழுதியதும் கடைசி வரிசையில் சிரிப்பு அடங்கக் கால்மணி ஆனது. ஒருத்தி மட்டும் சிரிக்காமல், “குறி கேட்க வருகிறவர்களா, அம்மா?” என்றாள். ‘கேட்போர்’ என்றதற்கு, பாட்டுக் கேட்பவர்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள். நெல்லிக்குப்பத்தார் சொன்னது நடந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதழின் பெயர் ‘மேளம்’. அட்டையில் ஒரு தவில் கலைஞரின் படம். அவர் தலை சரியாக ‘ள’வை மறைத்துவிட்டது. மிச்சம் ‘மே ம்’ என்று வெள்ளாடு கத்துவதைப்போல நிற்கிறது. கேட்டால், அமெரிக்க இசையிதழ் ரோலிங் ஸ்டோன் அட்டையிலும் தலை பெயரை மறைக்கிறதே என்கிறான் வடிவமைத்தவன். அது 1967இலிருந்து வருவது, பாதி எழுத்தைப் பார்த்தாலே அதை வாங்குகிறவனுக்குத் தெரியும், உன் இதழை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் பயிற்சித்தாளின் அந்தக் கட்டம் எதற்கு என்று வகுப்புக்குப் புரிந்தது. சொல் இல்லாமலேயே புரிந்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, புதன் இரவு

தாமதத்துக்கு மன்னிக்கவும். குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல். ‘அவையறிந்து ஆராய்ந்து சொல்லுக’ என்றே தொடங்குகிறது. பயிற்சி கேட்பதும் அதைத்தானே? ‘எல்லோரும்’ என்று எழுதிய பையனைத் திட்டாதீர்கள். யாவரும் கேளிர் என்று புறநானூறு படித்திருப்பான். ஆனால் உறவு கொண்டாட அது போதும், இதழ் விற்கப் போதாது.

உப்பளத்திலிருந்து, வியாழன்

அவை என்றால் ஒரே இடத்தில் கூடியிருக்கவேண்டாமா? இதழ் படிப்பவர் நெய்வேலியில் ஒருவர், காரைக்காலில் ஒருவர். மறுபடியும் நாற்காலி எண்ணுவார்கள். குறிவாசகரைத் திரும்பப் பெறுகிறேன். என் வாக்கு இலக்கு வாசகருக்கு, மனமில்லாமல்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, வியாழன் இரவு

நன்றி. கட்டத்தில் ‘இலக்கு வாசகர்’, பாடத்தலைப்பில் ‘அவையறிதல்’. தனி மடலில் எழுதிய இருவரும் இதையே சொன்னார்கள். ஒருவர் காரணம் சொன்னார், மற்றவர் களைத்துவிட்டதாகச் சொன்னார். ‘ள’வைத் தலைக்கு மேலே ஏற்றியாயிற்று.

முத்தியால்பேட்டையிலிருந்து, வெள்ளி அதிகாலை

அச்சேறட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எங்கள் தெருத் திண்ணையில் என் தந்தை செய்தித்தாளை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத என் பாட்டி உட்பட ஆறேழு பேர் அதைக் கேட்பார்கள். அந்தத் தாளுக்கு வாசகர் ஒருவர், கேட்போர் எழுவர். யாருக்காக அச்சடித்தார்கள் என்று நெல்லிக்குப்பத்தார் சொல்லட்டும்.

அது போகட்டும். அட்டையில் இதழின் பெயர் நிற்கும் பகுதியான மாஸ்ட்ஹெட் என்பதற்குத் தாளில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘பெயர்ப்பட்டை’ என்று மட்டும் இருக்காது என்று நம்புகிறேன்.