வேலூரில் பறிக்கப்பட்ட எண்: மதராஸ் 1ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் உண்மையில் கலைக்கப்பட்டதா?

வடஆர்க்காட்டான் (கேள்வி):

1806 ஜூலை 10 அன்று வெடித்த வேலூர்ப் புரட்சியைப் பற்றி எழுதுவோர் பலரும், அதில் ஈடுபட்ட மதராஸ் காலாட்படையின் 1ஆம், 23ஆம் ரெஜிமெண்டுகளைக் கம்பெனி அரசு படைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது என்று கூறுகின்றனர். ஆனால் 1900இல் சீனாவுக்கு அனுப்பப்பட்ட 1ஆம் மதராஸ் பயனியர் படை, தன் தோற்றத்தை 1758 எனக் கணக்கிட்டு, மதராஸின் மிகப் பழைய காலாட்படை தானே என்று உரிமை கொண்டாடியிருக்கிறது. 1806இல் கலைக்கப்பட்ட படை எவ்வாறு 1900இல் அதே எண்ணுடன் இருக்க முடியும்? இரண்டும் ஒரே படையா, அல்லது எண் மட்டும் வேறொரு படைக்குக் கொடுக்கப்பட்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆவணப்பிரியன்:

ஐயா, இரண்டும் ஒரே படைதான்; ஆனால் இடையில் பன்னிரண்டு ஆண்டுக் காலம் அது வேறோர் எண்ணைச் சுமந்துகொண்டிருந்தது.

1758இன் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த நெருக்கடியில்தான், அதுவரை தனித்தனிக் குழுக்களாக இருந்த சிப்பாய்களைக் கம்பெனியார் பட்டாலியன்களாகத் திரட்டத் தொடங்கினர். அப்போது உருவான முதல் பட்டாலியனே இந்தப் படையின் வேர். பிறகு 1796இல் இரண்டிரண்டு பட்டாலியன்களைச் சேர்த்து ஒரு ரெஜிமெண்டாக அமைத்தபோது, அது 1ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஆயிற்று.

வேலூரில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை பதித்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகளும், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்களின் இருப்பும் சேர்ந்து புரட்சியைத் தூண்டின; பொழுது விடிவதற்குள் 69ஆம் ஐரோப்பியப் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்தபின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். விசாரணைக்குப் பின் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர், சிலரைத் தூக்கிலிட்டனர், சிலரை நாடு கடத்தினர். 1, 23 ஆகிய எண்கள் அழிக்கப்பட்டு, அவற்றுக்கு ஈடாக 24, 25 என்ற புதிய ரெஜிமெண்டுகள் எழுப்பப்பட்டன. குற்றம் சாட்டப்படாத பழைய ஆட்கள் அவற்றில் சேர்க்கப்பட்டனர். ஆகவே, பழைய 1ஆம் ரெஜிமெண்டின் எஞ்சிய உயிர் 24 என்ற எண்ணுக்குள் தொடர்ந்தது.

கோட்டைவாசல்:

மேலே உள்ள விளக்கத்துடன், அந்த எண் திரும்பக் கிடைத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 1817 நவம்பர் 26 மாலை, நாக்பூரில் ஆங்கிலேய ரெசிடெண்டின் (அரசவையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதியின்) மாளிகையை ஒட்டியிருந்த சீதாபல்டி என்ற இரட்டைக் குன்றின் மீது, நாக்பூரின் மராட்டிய அரசர் அப்பா சாகிப் போன்ஸ்லேயின் படைகள் சுடத் தொடங்கின. குன்றின் மேல் இருந்தவர்கள் மதராஸ் காலாட்படையின் 20ஆம், 24ஆம் ரெஜிமெண்டுகளின் முதல் பட்டாலியன்களும், வங்காளக் குதிரைப்படையின் சில குழுக்களும் உட்பட ஏறத்தாழ 1,400 பேர். எதிர்த்தரப்பில் அரபு வீரர்கள் உட்பட அவர்களைப் போல் பன்மடங்கினர் திரண்டிருந்தனர்.

இரண்டு குன்றுகளில் சிறியதுதான் தாக்குதலுக்கு எளிதானது. அதைக் காக்கும் பொறுப்பு 24ஆம் படையின் மேல் விழுந்தது. இரவு முழுவதும் அவர்கள் அங்கே அடிவாங்கினர். மறுநாள் காலையில் அரபு வீரர்கள் அந்தச் சிறிய குன்றையே பிடித்துவிட்ட நிலையில், குதிரைப்படைத் தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்டு சமவெளியில் நடத்திய பாய்ச்சலும், அதைத் தொடர்ந்து காலாட்படை குன்றை மீட்டதும் போரின் போக்கை மாற்றின. காவல் நின்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்திருந்தனர். அந்த வீரத்துக்கு ஈடாக அவர்கள் கேட்டது தங்கள் பழைய எண்ணையும், சீருடையின் கழுத்திலும் கையிலும் இருந்த பழைய நிறத்தையும்தான். அரசு அதை ஏற்று, 24ஐ மீண்டும் 1 ஆக்கியது. வேலூருக்குப் பின் சிப்பாய்கள் தங்கள் படையை எவ்வளவு நேசித்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.

பாலாற்றங்கரை:

கோட்டைவாசல் அவர்களின் குறிப்பு மிகவும் பயனுள்ளது. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பழைய எண்ணைத் திருப்பிக் கொடுத்ததால் வேலூரின் 'களங்கம் துடைக்கப்பட்டது' என்பது கம்பெனியின் பார்வை. அந்தப் பார்வையில் வேலூர் ஒரு குற்றம், சீதாபல்டி அதற்கான கழுவாய். வேலூரில் மாண்ட சிப்பாய்கள் தங்கள் மதத்துக்கும் மானத்துக்கும் இழுக்கு நேர்ந்தது என்று எழுந்தவர்கள். சீதாபல்டியில் எதிரே நின்றதோ, கம்பெனியின் பிடியிலிருந்து விடுபட முயன்ற ஓர் இந்திய அரசு. பழைய எண்ணைக் கேட்டவர்களின் பெருமிதத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இறந்த தோழர்களின் பெயர் பட்டியலிலிருந்து மறையக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பரிசு எந்த வெற்றிக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

வடஆர்க்காட்டான்:

அனைவருக்கும் நன்றி. இப்போது தெளிவாகப் புரிகிறது. இந்தப் படை இன்றைய மதராஸ் ரெஜிமெண்டாகத் தொடர்கிறதா?

ஆவணப்பிரியன்:

நேரடியாக இல்லை ஐயா. 1883இல் இது பயனியர் படையாக மாற்றப்பட்டது; அதாவது, துப்பாக்கியோடு மண்வெட்டியும் சுமந்து, போரிடவும் பாதை அமைக்கவும் பழகிய காலாட்படை. 1903இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் செய்த மறுசீரமைப்பில் மதராஸ் படைகளின் எண்களோடு அறுபது கூட்டப்பட்டதால், இது 61ஆம் பயனியர் ஆயிற்று. 1914 நவம்பரில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் முதலில் இறக்கப்பட்டுத் தோல்வியைச் சந்தித்த படைகளுள் இதுவும் ஒன்று. பயனியர் படைகளே தேவையில்லை என்று அரசு முடிவு செய்தபோது, 1933இல் இதுவும் கலைக்கப்பட்டது. வீரர்களில் ஒரு பகுதியினர் பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் சேர்க்கப்பட்டனர். மதராஸ் காலாட்படையின் கடைசிப் பட்டாலியனும் 1920களின் இறுதியில் கலைக்கப்பட்டிருந்தது. இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், மீண்டும் எழுப்பப்பட்டது. 1758ஐ அதுவும் தன் தொடக்கமாகக் கொள்கிறது என்றாலும், வேலூரின் 1ஆம் ரெஜிமெண்டில் இருந்தவர்களின் வழி சாப்பர்ஸ் படைக்குள்தான் சென்று சேர்கிறது. தாங்கள் ஆவணங்களைத் தேடுவதாக இருந்தால், மதராஸ் பயனியர் என்ற பெயரின் கீழும் தேடுங்கள். 1ஆம் ரெஜிமெண்ட் என்று மட்டும் தேடினால் 1883க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகள் கிடைக்காது.