நம்பிக்கை உள்ளவரிடம் வாதாடியிருக்கிறீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

முல்லைக்கொடி:
1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். கோயில்களில் ஸ்பூனால் நீட்டிய பாலைச் சிலை குடிப்பதாக நாடு முழுக்க ஒரே பேச்சு. நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்தால் தெருவே கோயில் வாசலில் நிற்கிறது. வரிசையில் என் அப்பாயியும் நிற்கிறார்.

ஸ்பூனின் விளிம்பு கல்லில் பட்டதும் பரப்பு இழுவிசை பாலை இழுத்துக்கொள்கிறது. பிறகு அது மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்து இறங்குகிறது. ஏற்கெனவே நனைந்த கல்லில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? குருக்கள் தடுப்பதற்குள் அப்பாயியின் கிண்ணத்துப் பாலில் குங்குமத்தைக் கலந்துவிட்டேன். தும்பிக்கையிலிருந்து தொந்திவரை சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பாயி திட்டவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு, "என் கையால் குடித்துவிட்டார் என்று நினைத்தேன்" என்றார்.

அப்பாயி இருபத்தேழு வயதில் தாலி அறுத்தவர். நல்ல காரியம் எதிலும் முன்னால் வந்து நிற்கக்கூடாது. அவர் கையிலிருந்து யாரும் குங்குமம் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அன்று ஒருநாள்தான் அவரை யாரும் ஓரமாகப் போகச் சொல்லவில்லை. நான் சொன்ன அறிவியலில் இன்றைக்கும் பிழை இல்லை. ஆனால் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

கரிசல் மண்:
முல்லைக்கொடி, உங்கள் அப்பாயியை வாழ்நாள் முழுக்க ஓரத்தில் நிறுத்தியது எது என்பதையும் எழுதியிருக்கவேண்டும். அந்த ஒருநாள் கருணைக்காக அதற்கு நன்றி சொல்ல முடியாது. எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் என் தம்பி இன்று உயிரோடு இல்லை.

1988. தரையில் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அது கடித்தால் பெரிதாக வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. அதனால்தான் மந்திரித்ததும் விஷம் இறங்கிவிட்டதாக நம்பி வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுகிறார்கள். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு அடங்கும். மந்திரித்துப் பிழைத்தவர்கள் என்று ஊரில் காட்டப்படுகிறவர்கள் விஷமில்லாத பாம்பு கடித்தவர்கள், அல்லது கடித்தும் விஷம் ஏறாதவர்கள்.

மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையில் தம்பி கிடக்கிறான், வேப்பிலை அடிக்கிறார்கள். எங்கள் பள்ளித் தமிழ் ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். சாமி கும்பிடாதவர் என்று ஊரே அவரைப் பேசும். மரியாதையாக எடுத்துச் சொல்லவெல்லாம் இல்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து, "பிள்ளையைக் கொல்லப் போகிறாயா?" என்று கத்தினார். நான்கு பேர் அவரை அடிக்க வந்தார்கள். அடியை வாங்கிக்கொண்டே தம்பியைத் தோளில் போட்டு, செங்கல் லாரி ஒன்றை மறித்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நஞ்சுமுறிவு மருந்து ஏற்றினார்கள்.

தம்பி இப்போது ஆண்டுதோறும் இருமுடி கட்டிச் சபரிமலைக்குப் போகிறான். அது அவன் விருப்பம். என்னால் மறக்கமுடியாதது வேறு. அவன் பிழைத்ததற்காக அப்பா அய்யனாருக்குக் கடா வெட்டி ஊருக்கே சோறு போட்டார். ஐயாவைக் கூப்பிடவில்லை.

கருஞ்சட்டை மகள்:
அப்பா திராவிடர் கழகத்துக்காரர். 1964இல் புரோகிதர் இல்லாமல், தாலி இல்லாமல் அம்மாவை மணந்தார். அன்றைக்குச் சட்டப்படி அது செல்லாது. அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணச் சட்டம் வந்து, முன்னர் நடந்தவையும் செல்லும் என்றானபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாராம். அப்பாவைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

அவர் இறந்தபோது சடங்கு எதுவும் செய்யாமல் எடுத்தோம். மூன்றாம் நாள் அம்மா அரிசிப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அளவில் பழநி முருகன் படம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"இனிமேல் இதை வெளியே வைத்துக்கொள்ளலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

எழுபது வயதில், பெற்ற மகளிடம் அனுமதி. பெண் யாருக்கும் அடிமையில்லை என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்த வீடு அது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் மைத்துனரோடு ஜோதிடம் பற்றி வாதாடினேன். பதினோரு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எனவே அனைவருக்கும் சில வார்த்தைகள். பெரியார் 1953இல் பிள்ளையார் சிலையை உடைத்தவர். அதே பெரியார், கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். குன்றக்குடி மடத்தில் அடிகளார் திருநீறு கொடுத்தபோது மறுக்கவில்லை. கொள்கையை மேடையில் பேசினார், எதிரில் நின்ற மனிதரைச் சிறுமைப்படுத்தவில்லை. நாமும் அப்படித்தான் இருக்கவேண்டும். பலர் பார்க்க யாரையும் திருத்தப் போகாதீர்கள், தனியாகப் பேசுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் ஏன் நம்புகிறார் என்று கேளுங்கள். துக்க வீட்டில் வாயைத் திறக்கவே கூடாது. முல்லைக்கொடி, நீங்கள் அன்றே அப்பாயியிடம் மன்னிப்புக் கேட்டு, மறுநாள் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கவேண்டும். கருஞ்சட்டை மகள், அம்மாவுக்குப் புதிய படமாகப் பெரிதாக ஒன்று வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

கருஞ்சட்டை மகள்:
ஐயா, அம்மாவுக்குப் பெரிய படம் வேண்டாம். வாங்கிக்கொடுத்துப் பார்த்தேன். அந்த விரிசல் படத்தைத்தான் வைத்திருக்கிறார்.

கரிசல் மண்:
தனியாகப் பேசவேண்டுமாம். திண்ணையில் கிடந்தவனுக்கு அவ்வளவு நேரம் இருந்ததா? எங்கே பொறுக்கலாம், எங்கே பொறுக்கக்கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை எழுதிக்கொடுக்காதீர்கள்.

தூரத்துப் பிறை:
நீங்கள் மற்றவர்களை மாற்றுவது பற்றிப் பேசுகிறீர்கள். நான் என் உம்மாவிடமே இன்னும் சொல்லவில்லை. 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் கொல்லப்பட்டார். கடவுள் மறுப்பைப் பேசியதும் எழுதியதும்தான் அவர் செய்தது. அதற்குப் பிறகு நான் வாதாடுவதைப் பற்றி யோசித்ததே இல்லை.

நோன்பு நாள்களில் உம்மா விடியுமுன் சஹருக்கு எழுப்பினால் எழுந்து சாப்பிடுவேன். பகலில் வெளியூர்க் கடையில் தேநீர் குடிப்பேன். போன ரமலானில் ஒரு மாலை, நோன்புக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "உன் உதடு மட்டும் காய்வதே இல்லை" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தை என் கையில்தான் வைத்தார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை புரியவில்லை.

முல்லைக்கொடி:
தலைமையாசிரியர் ஐயா, நான் வழி கேட்டு எழுதவில்லை. அப்பாயி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கரிசல் மண் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பால் விஷயம் ஒரே நாளில் அடங்கிவிட்டது. மறுநாள் எங்கள் தெருக் கோயிலில் வரிசை இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தாலும் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. 1999இல் எனக்கு வளைகாப்பு. மணையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொருவராக வந்து வளையல் போடுகிறார்கள். அப்பாயி அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மாமியார் வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். நான் கூப்பிடவில்லை.