பீத்தோவன் என்ற குடும்பப்பெயரில் பீட்ரூட் இருக்கிறதா?

சொல்லாய்வன்:
பீத்தோவன் என்றால் 'பீட்ரூட் பண்ணை' என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அது ஜெர்மானியப் பெயரே அன்று. இசைமேதையின் பாட்டனார் 1712-இல் இன்றைய பெல்ஜியத்தின் மெக்கெலன் நகரில் ஞானஸ்நானம் பெற்று, 1733-இல் ஜெர்மனியின் பான் நகர அரசவைக்குப் பாடகராகச் சென்றவர். அவர்களின் டச்சு மொழியில் 'வான்' என்பது 'இன்ன இடத்திலிருந்து வந்தவர்' என்று பொருள்படும். எனவே அதன்பின் வருவது ஊர்ப்பெயர். காய்கறியின் பெயர் அன்று. பெல்ஜியத்தின் லீஜ் மாகாணத்தில் பெட்டன்ஹோவன் என்றே ஓர் ஊர் உள்ளது.

வேர்த்தேடி:
எழுதியவன் நான்தான். 'ஹோவன்' என்றால் பண்ணைகள். பீட் விளைந்த பண்ணையும் ஓர் இடந்தானே? அங்கிருந்து வந்தவரை 'வான்' சேர்த்து அழைக்க என்ன தடை?

சொல்லாய்வன்:
ஒலிதான் தடை. டச்சில் அந்தக் கிழங்கின் பெயர் 'பீட்'. குடும்பப்பெயரின் முதற்பகுதியோ 'பேட்' என்று ஒலிக்கும். நாம் தமிழில் 'பீ' என்று எழுதிப் பழகியதால் வந்த மயக்கம் இது.

வேர்த்தேடி:
இன்றைய ஒலியை வைத்து இடைக்காலப் பெயரை அளக்கிறீர்கள். இலத்தீனில் அக்கிழங்கு 'பேட்டா'. இடைக்கால டச்சிலும் 'பேட்டே' என்ற வடிவம் உண்டு.

அரசவை ரசிகன்:
'வான்' பிரபுக்களின் அடைமொழி என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள்.

சொல்லாய்வன்:
தம்பி மகனின் பாதுகாவலர் உரிமை பற்றிய வழக்கில், பீத்தோவனிடம் பிரபுத்துவச் சான்று இல்லை என்று தெரியவந்ததால்தான், 1818-இல் பிரபுக்களுக்கான வியன்னா நீதிமன்றம் அவ்வழக்கைப் பொதுமக்களுக்குரிய நகர நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பிரபுக்களைக் குறிக்கும் ஜெர்மானிய 'ஃபான்' வேறு, டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸின் 'வான்' வேறு என்று மோட்சார்ட் விவாதத்திலேயே நான் சொல்லியிருந்தேன். அன்றும் எவரும் செவிசாய்க்கவில்லை.

வேர்த்தேடி:
அந்தப் பழைய கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம். 2023-இல் வெளியான மரபணு ஆய்வில், இசைமேதையின் முடியில் கிடைத்த, தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம், பெல்ஜியத்தில் இப்பெயருடன் வாழும் ஐவருடையதோடு பொருந்தவில்லை. தந்தைவழியே உறுதியில்லாதபோது ஊர்வழியை மட்டும் எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

சொல்லாய்வன்:
தந்தைவழியில் ஏதோ ஒரு தலைமுறையில் குருதி மாறியிருக்கலாம்; பெயர் மாறவில்லையே! நான் கேட்பது பெயரின் வேரை. 'ஹோவன்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் முன்னே நிற்பது அங்கே முதலில் குடியேறியவரின் பெயர். கிழங்கின் பெயரால் அமைந்த ஒரே ஓர் ஊரைக் காட்டுங்கள்.

வேர்த்தேடி:
பெட்டன்ஹோவனிலிருந்துதான் அக்குடும்பம் வந்தது என்பதற்கு நீங்கள் முதலில் ஓர் ஆவணத்தைக் காட்டுங்கள். அதுவரை பீட் பீட்டாகவே இருக்கும்.

சொல்லாய்வன்:
பேட் என்று எழுதுங்கள்.