தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட தகவலை விலக்கு என்று சொல்லி மறுத்தார்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஏரிக்கரை:
எங்கள் ஊர்ச் சாலைப் பணியின் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) நகல் கேட்டிருந்தேன். முப்பதாம் நாள் வந்த பதிலில் ஒரே வரி: பிரிவு 8(1)(எச்)-இன்படி விலக்கு, விசாரணை நிலுவையில் உள்ளது. முதல் மேல்முறையீட்டுக்கு நேரில் போனேன். அதே கோப்பு மேசைமேல் இருந்தது. மேல்முறையீட்டு அலுவலர் நாடாவை அவிழ்த்துப் புரட்டினார். “யார் விசாரிக்கிறார்கள் ஐயா?” என்றேன். பதில் சொல்லாமல் கோப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். சாலை போகட்டும், அந்தக் கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுகூட்டல்:
எனக்கு மறுத்தது என் விடைத்தாளை. 8(1)(இ), நம்பிக்கை உறவு, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட தகவல் என்றார்கள். சொந்த விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை இணைத்து மேல்முறையீடு செய்த பிறகே அழைத்தார்கள். பதினேழாம் பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். சிவப்பு மை ஒரு துளிகூட இல்லை. பக்கத்தில் நின்ற ஊழியர் எட்டிப் பார்த்து, “எழுதியிருக்கிறாயே அம்மா” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

பழைய மனுதாரர்:
ஏரிக்கரை, நீங்கள் கேட்ட கேள்வியே தவறு. நகல் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று கேட்டிருக்க வேண்டும். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல், பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுப்பு சரிதான் என்று நிரூபிக்க வேண்டியவர் அலுவலர். பிரிவு 19(5) பாருங்கள். பிரிவு 10-ஐயும் எழுதுங்கள்: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். விலக்கு பொருந்தினாலும் பொதுநலன் பெரிதென்றால் தர 8(2) இடம் கொடுக்கிறது. தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். ஆணை வந்த உறையை எறிந்துவிடாதீர்கள், அஞ்சல் முத்திரைதான் தேதிக்குச் சாட்சி.
என் கதை சிறியது. அதிகாரி ஒருவரின் சொத்து விவரம் கேட்டேன். 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல் என்றார்கள். அந்தப் பிரிவிலிருந்த, பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாசகத்தையும் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கிவிட்டது. இனி எந்தக் கதவையும் சாத்தலாம்.

நெல்லிமரம்:
எல்லாக் கதவும் திறந்தே கிடக்க வேண்டுமா? நான் அரசு ஊழியர். பிரிந்து வாழும் கணவர் என் சம்பள விவரமும் வீட்டு முகவரியும் கேட்டு மனுப் போட்டார். பிரிவு 11-இன்படி என் கருத்தைக் கேட்டு அறிவிப்பு வந்தது. பதில் தர 10 நாள். உறைக்குள் மனுவின் நகல், அவருடைய கையெழுத்தில். வீடு மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிரவு கதவை மூன்று முறை போய்ப் பார்த்தேன். முகவரி தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். தரவில்லை. 8(1)(ஜே) இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன்?

பழைய மனுதாரர்:
சகோதரி, இது எந்த ஆண்டு?

நெல்லிமரம்:
2019.

பழைய மனுதாரர்:
அப்படியானால் உங்களைக் காத்தது பழைய வாசகம். அதைத்தான் நானும் திரும்பக் கேட்கிறேன்.

ஏரிக்கரை:
உறை கிடைத்துவிட்டது. முத்திரைப்படி இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இன்றிரவே எழுதுகிறேன்.