புது டைகான்: தள்ளுபடியை நம்பி வாங்கலாமா? பிரிட்டனில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போர்ஷேயின் மின்சார காரான டைகான் மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. இப்போது ஒரு டீலர், பதிவு மட்டும் செய்து ஓட்டாமல் நிறுத்தியிருக்கும் வண்டியைப் பட்டியல் விலையிலிருந்து நன்றாகவே குறைத்துத் தருகிறேன் என்கிறார். அதே போர்ஷேயில் 911 ஜிடி3 என்ற பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரைக் கேட்டால் தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

டைகான் விலை இறங்கக் காரணம் ஓரளவு புரிகிறது. கம்பெனி கார் வரிச்சலுகைக்காகப் பலரும் லீஸில் எடுத்தார்கள். காலம் முடிந்ததும் அந்த வண்டிகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்துவிட்டன. 2024-இல் பெரிய பேட்டரி 93-இலிருந்து 105 கிலோவாட் மணி ஆனதும் பழைய மாடலுக்கு மவுசு குறைந்தது.

புது வண்டிக்கே இவ்வளவு தள்ளுபடி என்றால், நாளை என் வண்டியை யார் நல்ல விலைக்கு எடுப்பார்கள்? இதுதான் என் பெரிய கவலை. பிசிபி-யில் (மாதத் தவணை கட்டி, முடிவில் மீதித் தொகையைக் கொடுத்து வண்டியைச் சொந்தமாக்கவோ திருப்பிக் கொடுக்கவோ முடிகிற கார்க் கடன்) எடுத்தால், மைல் வரம்பைத் தாண்டாமல் ஓட்டி, கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாம். விலைச்சரிவு நிதி நிறுவனத்தின் பாடு. ஆனால் வட்டி கட்ட வேண்டுமே.

ரொக்கமா, பிசிபியா? 2024-க்குப் பிந்தைய டைகானை விற்றவர்கள், வாங்கிய விலை, விற்ற விலை, ஓடிய மைல் மூன்றையும் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் டீலருக்குப் பதில் சொல்ல வேண்டும்.