இன்ஜெக்ஷன் லாக்: போர்டில் பிடிக்கிறது, என்ஜிஸ்பைஸில் நழுவுகிறது. எங்கே தப்பு?

கேட்டவர் (பெங்களூரு, எம்.டெக்.)

வணக்கம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய உதிரிகளை வைத்து 10 மெகாஹெர்ட்ஸ் எல்சி (காயில், கபாசிடர்) ஆஸிலேட்டர் செய்தேன். ஜெனரேட்டரிலிருந்து சின்ன சிக்னல் கொடுத்தால், ஸ்கோப்பில் ஓடிக்கொண்டிருந்த அலை சட்டென்று நிற்கிறது: ஆஸிலேட்டர் அந்த சிக்னலின் அதிர்வெண்ணையே பிடித்துக்கொள்கிறது, அதுதான் இன்ஜெக்ஷன் லாக். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

என்ஜிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில்தான் சிக்கல். காயில் 1 மைக்ரோஹென்றி, கபாசிடர் 253.3 பிகோஃபாரட், க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் எண்) 50, அந்த இழப்பை ஈடுகட்டும் நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸுக்கு ஒரு கியூபிக் கரண்ட் சோர்ஸ். இன்ஜெக்ஷன் கரண்ட், ஆஸிலேட்டர் கரண்டில் 2 சதவீதம். சரியாக 10 மெகாஹெர்ட்ஸில். லாக் எல்லையைச் சொல்லும் ஆட்லர் சூத்திரப்படி இருபுறமும் 2 கிலோஹெர்ட்ஸ் வரை லாக் ஆக வேண்டும். ஆனால் 0.36 மில்லி செகண்டுக்கு ஒரு முறை ஃபேஸ் (இரண்டு அலைகளுக்கும் உள்ள கட்ட வித்தியாசம்) ஒரு முழுச் சுற்று நழுவுகிறது. சிமுலேட்டரின் அதிகபட்ச நேர ஸ்டெப் 1 நானோ செகண்ட். ஒரு சுற்றுக்கு 100 புள்ளி, அலை வழவழவென்றுதான் தெரிகிறது. மூன்று நாளாகப் போராடுகிறேன்.

பதில் 1

சிமுலேட்டர் கணக்கிடும் மெத்தடை, இயல்பாக இருக்கும் டிராப்பசாய்டலிலிருந்து கியருக்கு மாற்றிப் பாருங்கள். எனக்குப் பல சர்க்யூட்டில் கைகொடுத்திருக்கிறது.

கேட்டவர்

மாற்றினேன் சார். இப்போது 0.08 மில்லி செகண்டுக்கு ஒரு முறை நழுவுகிறது.

பதில் 2

தம்பி, அந்த 0.08-தான் துப்பு. இன்ஜெக்ஷனைப் பூஜ்யமாக்கி, ஆஸிலேட்டரைத் தனியாக ஓடவிட்டு அதிர்வெண்ணை அளந்து பாருங்கள். 10-க்குக் கீழே இருக்கும்.

டிராப்பசாய்டல் முறை அலையின் உயரத்தைக் காப்பாற்றும், அதிர்வெண்ணைக் கொஞ்சம் கீழே இழுக்கும். ஒரு சுற்றுக்கு N புள்ளிகள் என்றால் பிழை ஏறக்குறைய 3.29-ஐ N-இன் வர்க்கத்தால் வகுத்தது. 100 புள்ளிக்கு 0.033 சதவீதம், அதாவது 3.3 கிலோஹெர்ட்ஸ். உங்கள் லாக் எல்லையோ 2 கிலோதான்! கியர் இதைப்போல நாலு மடங்கு இழுக்கும், அதனால்தான் நிலைமை மோசமானது. சாதாரண சர்க்யூட்டில் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. லாக் எல்லை இவ்வளவு குறுகலாக இருக்கும்போது மட்டும் அதுவே முழுப் பதிலையும் மாற்றிவிடும்.

திரும்ப டிராப்புக்கு வாருங்கள். சிமுலேஷனை ஓட்டும் டிரான் கட்டளை வரியின் நாலாவது எண்ணை, அதாவது அதிகபட்ச ஸ்டெப்பை, 0.2 நானோ செகண்ட் ஆக்குங்கள்.

கேட்டவர்

அண்ணா, பிடித்துக்கொண்டது! தனியாக ஓடும்போது முன்பு 9.9966, இப்போது 9.9998 மெகாஹெர்ட்ஸ். இன்ஜெக்ஷன் கொடுத்ததும் ஃபேஸ் 7 பாகையில் போய் உட்கார்ந்துவிட்டது. ரொம்ப நன்றி. ஆனால் ஒரு மில்லி செகண்டுக்கே 50 லட்சம் புள்ளி. லாக் எல்லை முழுக்க அதிர்வெண்ணை மாற்றி மாற்றி ஸ்வீப் செய்ய என் லேப்டாப் தாங்குமா?

பதில் 2

எல்லாவற்றையும் ஸ்பைஸில் ஓட்டாதீர்கள். ராபர்ட் ஆட்லர் 1946-இல் தந்த சமன்பாட்டில் வேகமான அலையே இல்லை, மெல்ல மாறும் ஃபேஸ் மட்டும்தான். பைத்தானில் சில நூறு புள்ளி போதும். ஸ்பைஸை மூன்று நாலு இடத்தில் சரிபார்க்க மட்டும் வையுங்கள்.

இன்னொன்று: எல்லையை நெருங்க நெருங்க லாக் ஆக நேரம் பிடிக்கும். நடுவில் டைம் கான்ஸ்டன்ட் 0.08 மில்லி செகண்ட், 1.98 கிலோ விலகலில் 0.56. அங்கே சீக்கிரம் நிறுத்தினால் லாக் ஆவதையும் ஆகவில்லை என்று எழுதிவிடுவீர்கள். அப்புறம், இந்தச் சூத்திரம் சின்ன இன்ஜெக்ஷனுக்கு, நல்ல க்யூ உள்ள எல்சி சர்க்யூட்டுக்கு. காயில் இல்லாமல் இன்வர்ட்டர்களை வளையமாக இணைத்த ரிங் ஆஸிலேட்டரில் அப்படியே போட வேண்டாம்.

கேட்டவர்

சரி அண்ணா. ஓரத்தில் 4 மில்லி செகண்ட் விட்டு, இன்று ராத்திரியே ஓட்டுகிறேன்.