ஒற்றை அறை வீட்டில் படம் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இடம் எப்படி ஒதுக்குவது?

திருவல்லிக்கேணியில் 10க்கு 12 அடி வாடகை அறை. மகளுக்கு எட்டு வயது, ஜூன் முதல் வீட்டிலேயே படிக்கிறாள். காதால் கேட்பது அவளுக்கு நிற்பதில்லை. கண்ணால் பார்த்தால் மறப்பதே இல்லை. அதனால் சார்ட்டுகள் இல்லாமல் பாடம் நகராது.

சிக்கல் சுவர்தான். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சுண்ணாம்புச் சுவர் என்பதால் இருபக்க டேப் பொடியோடு உதிர்ந்து வந்துவிடுகிறது. கொடி கட்டி கிளிப்பில் மாட்டினேன். மழைக்கால ஈரத்தில் சார்ட் சுருண்டுவிட்டது, மின்விசிறிக் காற்றில் ஆடவும் செய்தது. டேப்லெட்டில் காட்டினால் கண் எரிகிறது என்கிறாள். இரும்பு பீரோ கதவில் காந்தம் வைத்து ஒட்டியது மட்டும் நன்றாக நிற்கிறது, ஆனால் அங்கே ஒரு சார்ட்தான் அடங்கும்.

இப்போது உயிர்மெய் 216 எழுத்தும் படிக்கிறாள். பக்கம் பக்கமாக வெட்டிக் கொடுத்தால் பயனில்லை. கு, சு, டு, பு என்று உகரக் குறி எழுத்துக்கு எழுத்து எப்படி மாறுகிறது என்பது முழு அட்டவணையையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் அவளுக்குப் பிடிபடுகிறது. அதோடு கணக்கு வாய்ப்பாடு, தமிழ்நாட்டு வரைபடம் இரண்டும் எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். இரவில் அதே இடத்தில்தான் பாய் விரிக்கிறோம், ஆகவே தரையில் நிற்கும் பெரிய பலகை சரிவராது.

ஆணி அடிக்காமல், ஈரத்தில் சுருளாமல், மூன்று பெரிய சார்ட்டுகளைப் பகலில் விரித்து இரவில் மடக்கி வைக்க, சின்ன வீட்டில் நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?